சாலையில் கைது, கையில் வீடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கமோ காட்பாடி சித்தூர் பேருந்து நிறுத்தத்திலோ போலீஸ் ஒருவரை மடக்கிப் பிடித்தால், அவர் ஸ்டேஷன் போய்ச் சேரும் முன்பே வீடியோ குடியாத்தம், ஆற்காடு வரை போய்விடுகிறது. சட்ட உதவித் தன்னார்வலராக சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு வந்து போகிற என்னிடம் போனை நீட்டி, "இதுல போலீஸ் பண்ணது சரியா தப்பா, சொல்லுங்க" என்று கேட்பவர்கள் நிறைய. ஒருவர் அராஜகம் என்கிறார். பக்கத்தில் நிற்பவர் இன்னும் நாலு போட்டிருக்கணும் என்கிறார். இருவரும் பார்த்தது அதே அரை நிமிடக் காட்சிதான்.

திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தந்திருக்கிறேன். பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டங்களின்படி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. நீதிமன்றத்தில் சொல்வது போலவே நானும் பி.என்.எஸ்.எஸ். என்று எழுதுகிறேன்.

1. வீடியோவுல போலீஸ் அடிக்கிறது நல்லா தெரியுது. இதுக்கு மேல பாக்க என்ன இருக்கு அக்கா?

அடி தெரிகிறது, சரி. அந்த அடி எந்த நேரத்தில் விழுந்தது என்று பாருங்கள். அவர் ஓடிக்கொண்டிருந்தாரா, கையில் எதையாவது வைத்து வீசிக்கொண்டிருந்தாரா, அல்லது பிடிபட்டு, கை பின்னால் மடக்கப்பட்டு, தரையில் உட்கார்ந்த பிறகா? அதே லத்தி, அதே காவலர்தான். ஆனால் முதல் இரண்டு சூழலில் அது விவாதத்துக்கு உரியது. மூன்றாவது சூழலில் அதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

நான் ஒரு வீடியோவை முதலில் சத்தமில்லாமல் பார்ப்பேன். எடுத்தவரின் கூச்சலும், பின்னால் யாரோ சேர்த்த பாட்டும் நம்மை முதல் நொடியிலேயே ஒரு பக்கம் சாய்த்துவிடும். அடுத்து சத்தத்தோடு பார்த்து, காவலர் என்ன சொன்னார், இவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்பேன். மூன்றாவது முறை பிடிபட்டவரின் கைகளை மட்டும் கவனிப்பேன். கை எப்போது அடங்கியது என்று தெரிந்துவிட்டால் பாதி பதில் கிடைத்துவிடும்.

2. ஒருத்தரை கைது பண்ணணும்னா போலீஸ் சட்டப்படி என்னென்ன செய்யணும்? சுருக்கமா சொல்லுங்க.

கைது செய்பவரின் சட்டையில் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். அரெஸ்ட் மெமோ என்கிற கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்து போட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். இது பி.என்.எஸ்.எஸ். 36-ஆவது பிரிவு. எதற்காகக் கைது என்று உடனே சொல்ல வேண்டும் (47). உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும் (48). கைதானதும் அரசு மருத்துவர் உடலைப் பரிசோதிக்க வேண்டும் (53). பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் (58). இவற்றில் பெரும்பாலானவை 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் சொன்ன 11 கட்டளைகளில் இருந்து வந்தவை. அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு அதற்கும் முந்தியது.

காரணத்தைச் சொல்வது பற்றி நீதிமன்றங்கள் சமீபத்தில் இன்னும் கண்டிப்பாகிவிட்டன. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில், கைதுக்கான காரணத்தை உருப்படியாகச் சொல்லவில்லை என்றால் கைதே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், காரணத்தை கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்றும், அந்த இடத்திலேயே தர முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் முன், நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது.

இந்தப் பட்டியலில் முக்கால்வாசி வீடியோ முடிந்த பிறகு நடப்பது. அதனால் வீடியோவை மட்டும் பார்த்து "நடைமுறை எதையுமே பின்பற்றவில்லை" என்று எழுதிவிட முடியாது. பெயர்ப் பட்டை இருந்ததா, காரணம் சொன்னாரா, எவ்வளவு பலம் பயன்பட்டது என்ற மூன்றும்தான் காட்சியில் தெரியக்கூடியவை.

3. ரோட்டுல போலீஸை வீடியோ எடுத்தா நம்ம மேல கேஸ் போடுவாங்களா?

பொது இடத்தில் கடமையில் இருக்கும் காவலரைப் படம் எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காவல் நிலையத்துக்குள் வீடியோ எடுத்தவர் மீது அலுவலக ரகசியச் சட்டத்தில் போட்ட ஒரு வழக்கையே, காவல் நிலையம் அந்தச் சட்டத்தில் சொல்லும் தடைசெய்யப்பட்ட இடம் இல்லை என்று சொல்லி 2022-இல் மும்பை உயர் நீதிமன்ற நாக்பூர் அமர்வு ரத்து செய்தது.

வழக்கு படம் எடுத்ததற்காக வராது. கிட்டே போய் நின்றதற்கு, கையைத் தட்டிவிட்டதற்கு, "விடுய்யா அவனை" என்று இடையில் புகுந்ததற்கு வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 221 அரசு ஊழியரின் பணியைத் தடுப்பது பற்றியது. 132 அவர்மேல் கை வைப்பது பற்றியது. ஆகவே சில அடி தள்ளி நில்லுங்கள், வாயைத் திறக்காதீர்கள், போனைப் படுக்கை வசமாகப் பிடித்து அசைக்காமல் எடுங்கள். பேசாமல் எடுத்த வீடியோதான் பின்னால் அதிகம் பயன்படுகிறது.

4. எவ்வளவு அடிக்கலாம்னு ஒரு அளவு இருக்கா இல்லையா?

அடிப்பதற்கு அளவு என்று சட்டம் பேசவில்லை. பிடிப்பதற்கு எவ்வளவு பலம் தேவை என்றுதான் பேசுகிறது. பி.என்.எஸ்.எஸ். 43-ஆவது பிரிவின்படி, "ஸ்டேஷனுக்கு வா" என்றதும் "சரி சார், வரேன்" என்று ஒருவர் நடந்தால் கைது முடிந்துவிட்டது. அவரைத் தொடக்கூட வேண்டியதில்லை. திமிறினால், தப்பிக்கப் பார்த்தால், பிடிப்பதற்குத் தேவையான எல்லா வழிகளையும் காவலர் பயன்படுத்தலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சுமத்தப்படாத ஒருவரின் உயிரை எடுக்கிற அளவுக்கு அது போகக் கூடாது. 46-ஆவது பிரிவு ஒரே வரிதான்: தப்பிக்காமல் தடுப்பதற்குத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது.

ஆகவே பலம் என்பது திமிறலோடு சேர்ந்து ஏறி, திமிறலோடு சேர்ந்து இறங்க வேண்டும். நான் பார்க்கிற வீடியோக்களில் ஏறுவது பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் எல்லாம் இறங்காததில்தான். ஆள் அடங்கிவிட்டார், அப்புறமும் ஒரு காவலர் வந்து தலையில் தட்டுகிறார். ஜீப்பில் ஏற்றும்போது இன்னொருவர் முதுகில் ஒன்று வைக்கிறார். கைதுக்கு அந்த அடிகள் தேவைப்படவில்லை. அவை தண்டனை. தண்டனை தருவது நீதிமன்றத்தின் வேலை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான்கு பேர் சேர்ந்து கை காலைப் பிடித்துத் தூக்கிப் போவது பார்க்க மிக மோசமாகத் தெரியும். ஆனால் திமிறுபவருக்குக் காயம் குறைவாக வரும் முறை பல நேரம் அதுதான். குப்புறப் போட்டு முதுகில் முட்டியை ஊன்றி அமைதியாக நிற்பது பார்க்க ஒழுங்காகத் தெரியும். மூச்சு அடைத்து உயிர் போவது அப்படித்தான். கண்ணை உறுத்துவது எல்லாம் தவறில்லை, அமைதியாக இருப்பது எல்லாம் சரியும் இல்லை.

5. ஹெல்மெட் போடலன்னு நிறுத்தினாங்க. சாவியப் புடுங்கி, சட்டையப் புடிச்சாங்க. இதுக்கெல்லாம் கைது பண்ண முடியுமா?

ஹெல்மெட் இல்லாததற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1,000 ரூபாய் அபராதம் உண்டு, உரிமம் 3 மாதம் தகுதியிழக்கவும் வழி உண்டு. கைது கிடையாது. சீருடையில் இருக்கும் காவலர் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய அந்தச் சட்டத்தின் 202-ஆவது பிரிவு சொல்லும் குற்றங்கள் மூன்று: அபாயகரமாக ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, அனுமதியில்லாமல் அடுத்தவர் வண்டியை எடுத்துப் போவது. இவையும் அவர் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். ஆனால் வேறு எந்த வாகனக் குற்றமாக இருந்தாலும் பெயரும் முகவரியும் சொல்ல மறுத்தால் கைது செய்யலாம். பலர் சண்டை போட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான். பெயரைச் சொல்லிவிடுங்கள், அதில் நஷ்டம் எதுவும் இல்லை. குடித்ததாகக் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

ஓடுகிற வண்டியில் சாவியை உருவுவதற்கு எந்தப் பிரிவும் அதிகாரம் தரவில்லை. நிற்காமல் போனவரை விரட்டிப் போவது இன்னும் ஆபத்து. 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி பக்கம், ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியின் வண்டியை ஒரு இன்ஸ்பெக்டர் விரட்டிப் போய் உதைத்ததாகப் புகார் எழுந்து அவர் கைதானார். வண்டியில் இருந்து விழுந்த பெண் உயிரோடு இல்லை. ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கு வண்டி எண்ணைக் குறித்து வைத்தால் போதும்.

6. கைவிலங்கு மாட்டினாலே தப்புன்னு சொல்றாங்களே?

முன்பு அந்த எண்ணம் பெரும்பாலும் சரியாக இருந்தது. 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் வழக்கமாகக் கைவிலங்கு மாட்டுவதை வன்மையாகக் கண்டித்தார். புதிய சட்டத்தின் 43(3) இப்போது சில பேருக்கு மாட்டலாம் என்கிறது: தொடர்ந்து குற்றம் செய்பவர், காவலில் இருந்து தப்பியவர், கொலை, பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, போதைப்பொருள், சட்டவிரோத ஆயுதம், பயங்கரவாதம் போன்ற குற்றம் சுமத்தப்பட்டவர். அதுவும் குற்றத்தின் தன்மையைப் பார்த்துத்தான்.

போக்குவரத்துத் தகராறில் பிடித்த ஆளுக்கு விலங்கு மாட்டி அண்ணா சாலையில் நடத்திக் கூட்டிப் போனால், அது பாதுகாப்புக்காகச் செய்தது என்று சொல்ல முடியாது. அவமானப்படுத்தத்தான்.

7. மஃப்டியில நாலு பேர் வந்து என் மச்சானை கார்ல ஏத்திட்டுப் போனாங்க. ஆந்திரா போலீஸ்னு சொன்னாங்க. இது கைதா, கடத்தலா?

சித்தூர் எல்லை இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் இந்தக் கேள்வி நம் மாவட்டத்தில் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது, குறிப்பாக செம்மர வழக்குகளில். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டு 20 தமிழ்த் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவர்கள். அதற்குப் பிறகு ஆந்திரப் பதிவெண் கொண்ட வண்டி ஊருக்குள் வந்தாலே சனங்கள் பயப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

வேறு மாநிலப் போலீஸ் இங்கே வந்து பிடிக்கலாம். பி.என்.எஸ்.எஸ். 45-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் 2-ஆவது பதிலில் சொன்ன எதிலிருந்தும் அவர்களுக்கு விலக்கு கிடையாது. மஃப்டியில் இருந்தாலும் யார் என்று அடையாளம் காட்ட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் தர வேண்டும். வீடியோவில் ஒருவர்கூட அடையாள அட்டை காட்டவில்லை, வண்டியில் எண் பலகை இல்லை, எங்கே கொண்டு போகிறோம் என்று சொல்லவில்லை என்றால், ஒரு அடிகூட விழாத அந்த வீடியோதான் நான் பார்த்தவற்றிலேயே கவலை தருவது. உடனே 100 அல்லது 112-க்கு அழைத்து ஆள் கடத்தல் என்று தகவல் கொடுங்கள். போலீஸ்தான் பிடித்தது என்றால் அப்போது வெளியே வந்துவிடும். கைதானவர்களின் பெயர், முகவரி, என்ன குற்றம் என்பதை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது 37-ஆவது பிரிவு. அங்கேயும் கேளுங்கள்.

8. லேடி போலீஸ் இல்லாம ஒரு பொண்ணைப் பிடிச்சு இழுத்தாங்க. அது மட்டுமாவது தப்புதானே?

பெரும்பாலும் ஆமாம். பெண்ணிடம் "உங்களைக் கைது செய்கிறோம்" என்று சொன்னாலே அவர் காவலுக்கு உட்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. சூழ்நிலை வேறு மாதிரி இல்லாத வரை ஆண் காவலர் தொடக் கூடாது. சூரியன் மறைந்து மறுநாள் உதிக்கும் வரை பெண்ணைக் கைது செய்யவும் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் மட்டும் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிச் செய்யலாம். வீடியோவில் வெளிச்சத்தைப் பாருங்கள், தெரு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

9. முழு வீடியோ வராம எதுவும் பேசக் கூடாதுன்னு ஒரு குரூப் சொல்லுது. சரியா?

பாதி சரி. முன்னால் நடந்தது தெரியாமல் பலம் பயன்படுத்தியதே தவறு என்று சொல்ல முடியாது. அந்த ஆள் கத்தியைக் காட்டிவிட்டு ஓடிவந்திருக்கலாம். ஆனால் பிடிபட்டு அடங்கிய பிறகு நடந்ததை நியாயப்படுத்த எந்த முன்கதையும் உதவாது. ஆகவே துண்டு வீடியோவை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 2020 மே 25-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்ததை 17 வயதுப் பெண் ஒருத்தி தன் போனில் எடுத்தாள். போலீஸின் முதல் அறிக்கையில் அது ஏதோ உடல்நலக் கோளாறு போலத்தான் இருந்தது. பிறகு காவலர்களின் உடையில் இருந்த கேமராப் பதிவுகளும் வெளியே வந்தன. வண்டிக்குள் ஏற அவர் மறுத்துத் திமிறியது அதில் இருந்தது. முழு வீடியோ வேண்டும் என்றவர்களுக்கு அது கிடைத்தது. ஆனாலும் விலங்கு மாட்டித் தரையில் கிடந்தவரின் கழுத்தில் 9 நிமிடத்துக்கு மேல் முட்டியை வைத்திருந்ததற்கு அந்தத் திமிறல் காரணமாக முடியாது என்று நடுவர் குழு கண்டது. 2021 ஏப்ரலில் அந்தக் காவலர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது.

நம் ஊரிலும் ஒன்று. 2021 ஜூனில், ஊரடங்கு நேரத்தில், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் காவல் எல்லையில் ஒரு சோதனைச்சாவடியில் வியாபாரி ஒருவரை எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) ஒருவர் லத்தியால் அடிக்கும் வீடியோ வந்தது. வியாபாரி குடித்திருந்தார், வாக்குவாதம் செய்தார் என்றெல்லாம் பேசினார்கள். இருக்கட்டும். அவர் மறுநாள் இறந்தார், எஸ்.எஸ்.ஐ. கைதானார். குடித்தவரை மருத்துவரிடம் அழைத்துப் போகத்தான் சட்டம் சொல்கிறது.

10. ஸ்லோ மோஷன்ல போட்டுப் பாத்தா எல்லாம் தெளிவா தெரியுமே?

யாருடைய கை எங்கே இருந்தது என்று பார்க்க அது உதவும். ஒருவரின் எண்ணத்தை அளக்க உதவாது. மெதுவாக ஓட்டினால், அரை நொடியில் நடந்தது யோசித்து நிதானமாகச் செய்தது போலத் தோன்றுகிறது. 2016-இல் வெளியான ஒரு உளவியல் ஆய்வு இதையே காட்டியது: அதே காட்சியை மெதுவாகப் பார்த்தவர்கள் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்வது அதிகமானது.

இது எதிர்ப் பக்கமும் வேலை செய்யும். 1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸில் ராட்னி கிங்கை நான்கு போலீஸ்காரர்கள் அடித்த வீடியோவை உலகம் முழுக்கப் பார்த்தார்கள். தொலைக்காட்சிகள் ஒளிபரப்பியதில் அவர் எழுந்து ஒரு காவலரை நோக்கிப் பாய்ந்த ஆரம்ப நொடிகள் வெட்டப்பட்டிருந்தன. நீதிமன்றத்தில் காவலர்களின் வழக்கறிஞர்கள் அதே வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி, ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு விளக்கம் சொன்னார்கள். 1992-இல் கிட்டத்தட்ட எல்லாக் குற்றச்சாட்டுகளிலும் விடுதலை. மறு ஆண்டு மத்திய வழக்கில் இருவருக்குத் தண்டனை. துண்டு துண்டாகப் பார்த்தால் மொத்தம் மறைந்துவிடும். ஆகவே இயல்பான வேகத்தில் முழுதாகப் பார்த்துவிட்டு, சந்தேகம் வரும் இடத்தை மட்டும் மெதுவாகப் பாருங்கள்.

11. அவன் மேல ஏழு கேஸ் இருக்கு மேடம். ரவுடிக்கு மாவுக்கட்டு போட்டா என்ன தப்பு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் கடை வைத்திருப்பவர்கள், மாமூல் கொடுத்து நொந்தவர்கள், செயினைப் பறிகொடுத்தவர்கள். அவர்களுடைய கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் கையில் மாவுக்கட்டோடு ஒருவரின் புகைப்படமும், "தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்தார்" என்ற வரியும் வரும்போது கைதட்டுவதை நாம் நிறுத்த வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

காரணம் இது. வழக்கு ஏழு இருப்பது அவருக்குப் பிணை கொடுக்கலாமா என்று பார்க்கும்போது பேச வேண்டியது. 43(3)-இன்படி விலங்கு மாட்டலாமா என்று பார்க்கவும் உதவும். அடிக்கலாமா என்ற கேள்விக்கு அது பதிலாகாது. அடிக்கலாம் என்று ஒருமுறை ஒத்துக்கொண்டால், யார் ரவுடி என்று முடிவு செய்வது அன்றைக்கு லத்தி வைத்திருப்பவர் கையில் போய்விடும். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில் இறந்துபோன கோயில் காவலாளி மீது இருந்தது நகை காணாமல் போன ஒரு புகார் மட்டுமே. அவரை அடிப்பதை ஒருவர் மறைந்திருந்து போனில் எடுத்ததால்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் உண்மை தெரிந்தது. வழக்கு சி.பி.ஐ.-க்குப் போனது.

அடித்து வாங்கிய ஒப்புதல் வழக்குக்கும் உதவாது. போலீஸிடம் சொன்ன வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது. உடைந்த கையோடு மாஜிஸ்திரேட் முன் நிற்பவரைப் பார்த்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத்தான் வேலை சுலபமாகிறது. உண்மையான குற்றவாளி வெளியே வருவதற்கு அடியே காரணமாகிறது.

12. அவன்தான் முதல்ல போலீஸை அம்மா அக்கான்னு திட்டினான். திட்டினா பொறுத்துக்கிட்டு நிக்கணுமா?

கையை ஓங்காமல் நிற்க வேண்டும், ஆமாம். திட்டியதற்கு வழக்கு போடச் சட்டத்தில் வழி இருக்கிறது. கன்னத்தில் அறைய வழி இல்லை. வெயிலில் ஆறேழு மணி நேரம் நின்ற காவலருக்குக் கோபம் வருவது இயற்கை. அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்வேன், அறைந்ததைச் சரி என்று சொல்ல மாட்டேன். வீடியோவில் திட்டு மட்டும் இருந்து கை ஓங்கல் இல்லை என்றால், பலம் பயன்படுத்தக் காரணம் எழவில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

13. நீங்க எப்பவும் போலீஸுக்கு எதிராவே பேசுறீங்களே. அவங்க பக்கம் நியாயமே இல்லையா?

நிறைய இருக்கிறது. அதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. கூட்டம் சுற்றி நிற்கிறது, ஐம்பது போன்கள் முகத்துக்கு நேரே, பிடிபட்டவரின் சொந்தக்காரர்கள் சட்டையை இழுக்கிறார்கள், பின்னால் யார் என்ன எடுக்கிறார் என்று தெரியாது. நாம் ஐந்தாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியை அவர் ஒருமுறைதான் பார்த்தார், அதுவும் உள்ளே இருந்து. கேமரா பார்த்த கோணம் அவருடையது இல்லை. இடுப்பை நோக்கிப் போன கை சட்டையைச் சரி செய்யப் போனது என்று நமக்குப் பின்னால் இருந்து தெரியும். எதிரே நின்றவருக்குத் தெரிந்திருக்காது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-இல் கிரகாம் வழக்கில் வைத்த அளவுகோலும் இதுதான்: பிற்பாடு தெரிந்ததை வைத்துப் பார்க்காதே, அந்த இடத்தில் நின்ற நியாயமான ஒரு அதிகாரிக்கு என்ன தெரிந்திருக்கும் என்று பார். அது நம் சட்டம் இல்லை. ஆனால் நியாயமான கேள்வி.

நல்ல கைதுகளின் வீடியோ பரவுவதில்லை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி அருகே குடிபோதையில் கல்லை ஓங்கி நின்ற ஒருவரை, வயதான ஏட்டு ஒருவர் பேசியே உட்கார வைத்த வீடியோ என்னிடம் வந்தது. "தம்பி, கல்ல கீழ போடு, தண்ணி குடி" என்று நாலைந்து முறை சொன்னார், அவ்வளவுதான். பலரும் முழுதாகப் பார்க்காமலே தள்ளிவிட்டார்கள். பயிற்சிப் பள்ளியில் காட்ட வேண்டியது அது.

14. போலீஸ் என் போனைப் புடுங்கி, எடுத்ததை அழின்னு சொன்னாரு. அழிச்சுட்டேன். இப்ப என்ன பண்றது?

முதலில் போனின் 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியைப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கும். கிடைத்தால் உடனே வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

வழக்குக்குத் தேவை என்றால் போனைக் கைப்பற்றும் அதிகாரம் போலீஸுக்கு உண்டு. அதற்கு எழுத்தில் ரசீது தர வேண்டும். அழிக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை. சாட்சியமாகக்கூடிய பதிவை அது நீதிமன்றம் போகக் கூடாது என்று அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 241-இன்படி குற்றம். அழிக்கச் சொன்னவரின் பெயர், நேரம், இடம் மூன்றையும் அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் சாலையில் எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று பாருங்கள். கடை கேமராக்களில் பழைய பதிவு சில நாளில் தானாக அழிந்து புதியது ஏறிவிடும், எனவே தாமதிக்கக் கூடாது. காவல் நிலையக் கேமராப் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைப் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.-க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் எழுதலாம்.

15. என்கிட்ட ஒரிஜினல் வீடியோ இருக்கு. ஃபேஸ்புக்ல போடட்டுமா?

போடுவதற்கு முன் அது யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று யோசியுங்கள். கைதானவரின் குடும்பத்துக்கோ அவருடைய வழக்கறிஞருக்கோ முதலில் கொடுங்கள். சத்துவாச்சாரியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற இலவச எண்ணிலும் சட்ட உதவி கேட்கலாம்.

பொதுவில் போட்டே ஆக வேண்டும் என்றால் கைதானவரின் முகத்தை மறையுங்கள். அவர் குற்றவாளி என்று இன்னும் யாரும் தீர்ப்பு எழுதவில்லை. இதில் பலர் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது: சாட்சிகள் அவரை அடையாள அணிவகுப்பில் கண்டுபிடிக்க வேண்டிய வழக்காக இருந்தால், முகம் ஊரெல்லாம் பரவிய பிறகு அந்த அணிவகுப்புக்கு மதிப்பே போய்விடும். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் அடையாளத்தை வெளியிடுவதே சிறார் நீதிச் சட்டம் 74-இன்படி குற்றம். காவலரின் வீட்டு முகவரி, பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்று தேடிப் போடுவதையும் நிறுத்துங்கள். அவருடைய குடும்பம் எந்தத் தவறும் செய்யவில்லை.

16. கோர்ட்ல வீடியோவை ஒத்துக்குவாங்களா? வாட்ஸ்அப்ல வந்தது போதுமா?

வாட்ஸ்அப்பில் சுற்றிய நகல் தகவலுக்கு உதவும், சாட்சியமாக நிற்பது கடினம். யார் எடுத்தது, எந்தப் போனில், வெட்டினார்களா என்று எதுவும் அதில் தெரியாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-ஆவது பிரிவு மின்னணுப் பதிவுக்கு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் எடுத்த கருவியின் விவரமும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் இருக்க வேண்டும். ஒரு பகுதியைப் போனுக்கு உரியவரும் இன்னொரு பகுதியை ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஆகவே எடுத்த போனை விற்காதீர்கள், கோப்பின் பெயரை மாற்றாதீர்கள், வெளிச்சம் கூட்டாதீர்கள், மேலே அம்புக்குறி போடாதீர்கள்.

வீடியோவைத் தாங்கி நிறுத்துவது மருத்துவ அறிக்கை. அடுக்கம்பாறை மருத்துவமனையில் கைது அன்று எழுதிய காயக் குறிப்பின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்பவருக்கோ தரப்பட வேண்டும். அது காட்சியோடு பொருந்தினால் மறுப்பது மிகக் கடினம். ரிமாண்டுக்கு நிறுத்தும்போது மாஜிஸ்திரேட்டிடம் "என்னை அடித்தார்கள், இங்கே வலிக்கிறது" என்று வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். பயத்தில் "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு வருபவர்கள் அதிகம். அந்த இரண்டு வார்த்தையும் பதிவாகிவிடும்.

17. சம்பந்தப்பட்டவரை ஆயுதப்படைக்கு மாத்திட்டாங்க. நியாயம் கிடைச்ச மாதிரிதானே?

இடமாற்றம் தண்டனையே இல்லை. பணியிடை நீக்கம்கூட விசாரணை முடியும் வரைக்குமான ஏற்பாடுதான், அப்போதும் பிழைப்பூதியம் கிடைக்கும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, துறை விசாரணை நடத்தி, ஊதிய உயர்வை வெட்டுவதோ பதவி இறக்குவதோ வேலையை விட்டு நீக்குவதோதான் துறை தரும் தண்டனை. குற்ற வழக்கு அதிலிருந்து தனி. பரபரப்பு அடங்கும் வரை ஆயுதப்படையில் வைத்துவிட்டு, அப்புறம் வேறு ஸ்டேஷனுக்கு அனுப்புவது நாம் எல்லோரும் பார்த்ததுதான்.

பாதிக்கப்பட்டவர் தரப்பு ஸ்டேஷனில் கொடுத்த புகாரை வாங்கவில்லை என்றால் எஸ்.பி.-க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 175-ஆவது பிரிவில் மனு போடலாம். சென்னையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும், தாண்டினால் ஆணையம் விசாரிக்காது. புகார் கொடுத்து மாதம் பல ஆகியும் சத்தமில்லை என்றால், என் புகாரின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று மட்டும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். காவலரின் சொந்த விவரங்களையும் சேர்த்துக் கேட்டால் அதைக் காரணம் காட்டி மனுவையே தள்ளிவிட இடம் கொடுத்துவிடுவீர்கள்.